டர்போ வண்டி நீடித்து உழைக்குமா?

எங்கள் மாமா ஒருவர் லொறிச் சாரதி. அக்கரைப்பற்றிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குச் செல்வதும், அங்கிருந்து கடைச் சாமான்களோடு திரும்பி வருவதுமே அவருடைய வாழ்நாள் தொழில். இரவு முழுவதும் ஓடிவந்த லொறி விடியற்காலையில் எங்கள் ஒழுங்கையின் முனையில் வந்து நிற்கும். நின்ற பின்னரும் அதன் எஞ்சின் ஓய்வதில்லை. மாமா கீழே இறங்கி, ரயர்களைத் தட்டிப் பார்த்து, முகங்கழுவி, உம்மா நீட்டும் தேநீரில் பாதியைக் குடித்த பின்னரே திறப்பைத் திருகி அதனை அடக்குவார். தம் வருகையை ஊருக்கு அறிவிப்பதற்காகவே அவர் இவ்வாறு செய்கிறார் என்று சிறுவர்களாகிய நாங்கள் எண்ணியிருந்தோம். ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"அது மலையேறி வந்த எஞ்சின், மருமகனே! கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த லொறியில் டர்போ எனும் கருவி பொருத்தப்பட்டிருந்தது என்பதையும், மாமா சொன்ன மூச்சு வெறும் உவமையன்று என்பதையும், பல ஆண்டுகள் கழித்து அயல்வீட்டு ஆசிரியர் ஒருவர் தம் மனைவியின் இரண்டு காப்புகளை விற்க நேர்ந்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன்னர், இன்று நம் ஊர் வாசல்கள் பலவற்றில் நிற்கும் இந்த டர்போ வண்டி எப்படிப்பட்டது, அது ஏன் நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதைச் சற்றுப் பார்ப்பது நலம்.

மலைக்காகப் பிறந்தது

எஞ்சின் என்பது காற்றை உண்டு வாழ்வது. எவ்வளவு காற்று உள்ளே செல்கிறதோ அவ்வளவுக்குத்தான் எரிபொருளை எரிக்க முடியும். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவே வலு. நாம் வாங்கி ஊற்றும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, வெந்த புகையோடு பின்குழாய் வழியே வீணாய்ப் போகின்றது. அப்படிப் போகும் புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்துச் சுழலச் செய்து, அதே தண்டின் மறுமுனையில் மற்றொரு சக்கரத்தைப் பொருத்தி, அதனால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊதினால் என்ன? இப்படி எண்ணியவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி. அவர் 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருடைய எண்ணம் பெரிய டீசல் எஞ்சின்களில் கைகூடியது.

இடையில், 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ் என்பார் ஓர் ஆகாய விமான எஞ்சினை, கொலராடோ மாநிலத்தில் பதினாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டு சென்று, டர்போவுடனும் டர்போவின்றியும் இயக்கிக் காட்டினார். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் வலுவிழக்கும் எஞ்சினுக்கு, டர்போ மீண்டும் உயிர் கொடுத்தது. ஆகவே, மெலிந்த காற்றுள்ள உயரத்துக்கென்று வளர்த்தெடுக்கப்பட்ட கருவி இது. அடர்ந்த கடற்காற்றில், ஒரு மேடுகூட இல்லாத அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் வீதியில் ஓடுவதற்கு இஃது எதற்கு என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். விடை பொறியியல் நூலில் இல்லை. வரிப் பட்டியலில் இருக்கின்றது.

நம் நாட்டில் வாகன இறக்குமதி வரி எஞ்சினின் கனஅளவைக் கொண்டு ஏறுகின்றது. ஆயிரம் கன சென்ரிமீற்றர் என்பது அந்த ஏணியின் முக்கியமான படி. அதற்குக் கீழே நிற்கும் எஞ்சின், ஆனால் பெரிய வண்டியை இழுக்கும் வலு, இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்லது டர்போ ஒன்றே. 988 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு ஹொண்டா சிவிக் வந்தது அவ்வாறுதான்; 996 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு டொயோட்டா ரைஸ் வருவதும் அவ்வாறே. 1.2 லீற்றர் டர்போ கொண்ட டொயோட்டா சீ.எச்.ஆர். இங்கே ஒரு காலத்தில் பெரும் மதிப்போடு வாங்கப்பட்டது. யப்பானில் 660 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட வண்டிகளுக்குத் தனிச் சலுகை உண்டு. அங்கே இத்தகைய சிறு எஞ்சின் டர்போவின்றி ஏறத்தாழ ஐம்பது குதிரை வலுவும், டர்போவோடு அறுபத்து நான்கு குதிரை வலுவும் தரும். நம் தெருக்களில் ஓடும் சுசுகி எவ்ரி வான்களிலும் வகன் ஆர் கார்களிலும் பல அந்த அறுபத்து நான்கு குதிரைகளைச் சேர்ந்தவையே.

லொறிகளிலும் பஸ்களிலும் வயல் அறுக்கும் இயந்திரங்களிலும் டர்போ வெகுகாலமாகவே உண்டு. ஆயினும் அவை சம்பளச் சாரதிகளிடமும் கைதேர்ந்த பாஸ்மார்களிடமும் வளர்ந்தவை. இப்போது வந்திருப்பதோ குடும்ப வண்டி. அதை ஓட்டுபவர் ஆசிரியர், கடை முதலாளி, வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய இளைஞர், பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் தாய். அவர்களுக்கு டர்போ என்பது பின்கதவில் ஒட்டப்பட்ட ஓர் எழுத்து மட்டுமே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் இருந்த வண்டியையே வைத்துக்கொண்டு காலந்தள்ள வேண்டியிருந்தது. பழைய வண்டிகள் தாம் வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்ற விந்தையையும் கண்டோம். இதனால், தடைக்கு முந்திய ஆண்டுகளில் வந்த டர்போ வண்டிகள் இன்று இரண்டாவது, மூன்றாவது கைகளுக்கு மாறி நிற்கின்றன. ஒரு காணியை விற்றோ, லீசிங் எடுத்தோ, நகையை அடகு வைத்தோ அவற்றை வாங்குகின்ற குடும்பத்துக்கு, அவை இன்னும் பத்தாண்டு உழைக்குமா என்பது பொழுதுபோக்குக் கேள்வியன்று.

எண்ணெயே உயிர்

டர்போவின் தண்டு விரலளவுதான் இருக்கும். ஆனால் சின்னஞ்சிறு டர்போக்களில் அது நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் தடவைக்கு மேலும் சுழலும். நம் வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறி அதே ஒரு நிமிடத்தில் முந்நூறு, நானூறு தடவைதான் சுழல்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். தண்டின் ஒரு முனையில் பெற்றோல் எஞ்சினின் புகை 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் மோதுகின்றது. அந்த வெப்பத்தில் இரும்பு செந்தணலாய் ஒளிரும். இத்தனை வேகத்திலும் வெப்பத்திலும் அத்தண்டு எதன்மீது தங்கியிருக்கின்றது? பெரும்பாலான டர்போக்களில் உருளைக் குண்டுகளும் இல்லை. தலைமயிரினும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலத்தின்மீது அது மிதக்கின்றது. அந்த எண்ணெய் எஞ்சினின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக ஓயாமல் வந்து, தண்டைத் தாங்கி, அதன் சூட்டையும் வாங்கிக்கொண்டு கீழே இறங்குகின்றது.

இதனை விளங்கிக்கொண்டால் மாமாவின் தேநீர்ப் பழக்கமும் விளங்கிவிடும். நெடுமேட்டில் ஏறிவந்த வண்டியை நிறுத்தியவுடன் எஞ்சினை அடக்கினால், எண்ணெய் ஓட்டமும் அந்தக் கணமே நின்றுவிடும். ஆனால் செந்தணலாய்க் காய்ந்திருக்கும் இரும்பு உடனே ஆறுவதில்லை. அதனிடையே தேங்கிய எண்ணெய், அடுப்பில் மறந்துவிட்ட தாளிப்பைப் போலக் கருகி, கரியாய்ப் படிகின்றது. ஒருமுறை நடந்தால் ஒன்றுமில்லை. நூறு முறை நடந்தால், அந்த மெல்லிய குழாயின் வாயே சுருங்கிவிடும்.

இன்றைய பெற்றோல் டர்போக்கள் பலவற்றில் எண்ணெயோடு நீரும் சுற்றிவந்து குளிர்விக்கின்றது. எஞ்சின் நின்ற பின்னரும் சூட்டின் காரணமாக அந்நீர் தானாகவே சிறிது நேரம் அசைந்து சூட்டை வாங்கிச் செல்லும். ஆகவே, ஊருக்குள் மெதுவாக வந்து வாசலில் நிறுத்துபவர் காத்திருக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. கடைசி இரண்டொரு கிலோமீற்றரை நிதானமாக ஓட்டி வருவதே போதுமானது. காத்திருக்க வேண்டிய இடம் வேறு. கண்டிக்குப் போகிறவர்கள் அம்பாறை, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை என்று சமவெளியில் விரைந்து சென்று, பின்னர் பதினெட்டு வளைவு என்று பேர்பெற்ற மலைப்பாதையில் ஏறுகிறார்கள். வண்டி நிறைய ஆட்களும் பொதிகளும், குளிர்சாதனமும் முழுவேகத்தில். மேலே சென்றதும், கீழே விரிந்து கிடக்கும் காட்சியைப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் ஆர்ப்பரிக்கிறார்கள். வண்டியை ஓரங்கட்டிய அதே நொடியில் திறப்பும் திருகப்படுகின்றது. அவ்விடத்தில் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் செலவாகும் பெற்றோல் ஒரு கோப்பைகூட இராது.

அதேபோல், காலையில் எஞ்சினை உயிர்ப்பித்தவுடன் ஆக்சிலேற்றரை மிதித்து உறுமச் செய்வதும் ஆகாது. இரவு முழுவதும் கீழே வடிந்துவிட்ட எண்ணெய் மேலே ஏறிவரச் சில நொடிகள் வேண்டும். முதல் சில நிமிடங்கள் மெல்லச் செல்வதே முறை.

ஆனால் இவையெல்லாவற்றிலும் பெரிது எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது. யப்பானிய டொயோட்டா நிறுவனம் தன் நாட்டவருக்குச் சொல்லியிருப்பதை இங்கே கவனிப்போம். சாதாரணப் பெற்றோல் எஞ்சினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு. டர்போ பெற்றோல் எஞ்சினுக்கோ 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். இரண்டில் எது முந்துகிறதோ அது. அதோடு நிற்கவில்லை. கடுமையான பயன்பாடாயின் டர்போவுக்கு 2,500 கிலோமீற்றர் அல்லது மூன்று மாதம் என்கிறார்கள். கடுமையான பயன்பாடு என்றவுடன் பந்தயம் ஓடுவதை எண்ண வேண்டாம். எட்டுக் கிலோமீற்றருக்கு உட்பட்ட குறுந்தூர ஓட்டத்தை மீண்டும் மீண்டும் ஓடுவது, கரடுமுரடான பாதையில் செல்வது, மலைப்பாதையில் அடிக்கடி ஏறியிறங்குவது ஆகிய இவையே அவர்கள் கூறும் கடுமை. பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கி, சந்தைக்குச் சென்று, லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வரும் வண்டி, பாவம், தான் கடுமையாக உழைப்பதை யாரும் அறியாமலே உழைத்துக்கொண்டிருக்கின்றது!

குறுந்தூர ஓட்டத்தில் என்ன தீமை என்று சிலர் வியக்கக்கூடும். எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன்பே நின்றுவிடுவதால், எரியாத பெற்றோலின் துளிகளும் நீராவியும் எண்ணெயில் கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. நெடுந்தூரம் ஓடினால் அவை ஆவியாகிப் போய்விடும். ஓடாதவிடத்து, எண்ணெய் தன் கெட்டித்தன்மையை இழக்கும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது வண்டிகள் மாதக்கணக்கில் வாசலில் நின்றன. கிலோமீற்றர் ஏறவில்லை, ஆகவே எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று பலர் இருந்துவிட்டார்கள். காலமும் எண்ணெயைக் கெடுக்கும் என்பதை மறந்தார்கள்.

இந்த விவரங்கள் யாவும் வண்டியோடு வந்த கைந்நூலிலேயே இருக்கின்றன. யப்பானிலிருந்து வந்த வண்டியின் முன்தட்டுப் பெட்டியைத் திறந்தால், தோலுறையிட்ட அந்நூல் புத்தம்புதிதாய் இருக்கும். பிரித்துப் பார்த்தால் முழுவதும் யப்பானிய எழுத்து. படம் பார்த்துவிட்டு மூடி வைப்போம். முன்னர் வைத்திருந்த டர்போ இல்லாத வண்டியின் கணக்கையே புதிய வண்டிக்கும் தொடர்வோம். நம் ஊரில் டர்போவின் முதல் எதிரி புழுதியுமன்று, உப்புமன்று. மொழி தெரியாமற் போன அந்தப் புத்தகந்தான் என்பது என் எண்ணம்.

மறதி என்பது நமக்கு மட்டுமே உரிய குற்றமுமன்று. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்றொரு கார் வெளிவந்தது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்களில் அது ஒன்று. அதன் எஞ்சின் அதிர்ந்து கெடாதிருக்க, வடித்த நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவர வேண்டும். தொட்டி வறண்டால் டர்போ தன் முழு வலுவைத் தராதபடி தடுக்கவும் ஏற்பாடு இருந்தது. வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். பின்னர் வண்டியில் வலுவில்லை என்று முறையிட்டார்கள். அடுத்த ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது. 1965இல் அந்நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண காபியுறேற்றரைப் பொருத்தித் தர முன்வந்தது. கருவியைச் செய்தவர்கள் வாங்கியவர்களின் சுபாவத்தைக் கணக்கில் எடுக்கவில்லை!

ஆசிரியரின் கார்

இனி அயல்வீட்டுக் கதை. ஆசிரியர் வாங்கியது இரண்டாங்கை வண்டி; சிறிய எஞ்சின், டர்போ உண்டு. பார்ப்பதற்கு மணமகளைப் போல் இருந்தது. முன்னைய உரிமையாளர் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியதாகப் பெருமையோடு சொன்னார். ஆசிரியரும் அதையே பின்பற்றினார். எண்ணெயிலும் விலை குறைந்ததையே தேர்ந்தார். ஒன்றரை ஆண்டு குறையில்லை. பின்னர் காலையில் நீலப் புகை தலைகாட்டியது. மேட்டில் ஏறும்போது தொலைவில் சங்கு ஊதுவது போல ஓர் ஓசையும் கேட்டது. எண்ணெய் அளவும் மாதந்தோறும் குறைந்தது. குறைந்ததை ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தார். ஒருநாள் பொத்துவில் வீதியில், கோமாரிக்கு இப்பால், வண்டி வெண்முகிலை எழுப்பிக்கொண்டு வலுவிழந்து நின்றது.

ஒரு கராஜில் பழைய டர்போ ஒன்றைத் தேடிப் பொருத்திக் கொடுத்தார்கள். முதற் காப்பு போயிற்று. ஐந்து மாதத்தில் அதுவும் அதே வழியில் சென்றது. வண்டி இராசியில்லாதது என்று வீட்டில் பேச்செழுந்தது. இரண்டாம் முறை அவர் வேறொரு பாஸிடம் போனார். அவர் டர்போவைக் கையில் எடுக்கவேயில்லை. எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினார்.

"சேர், கடைசியா எப்ப ஒயில் மாத்தின நீங்க?"

"இன்னும் பத்தாயிரம் ஆகல்லையே!"

பாஸ் மறுமொழி சொல்லாமல் தட்டைத் திருப்பிக் காட்டினார். எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டியின் கண்கள், கருவாட்டுச் சம்பலைப் பூசியது போல அடைபட்டிருந்தன. டர்போவுக்குச் செல்லும் குழாயில் ஊசி நுழையுமளவே வழியிருந்தது. முதல் டர்போவைக் கொன்ற காரணம் உள்ளேயே இருக்க, இரண்டாவதையும் அதற்கே இரை கொடுத்திருக்கிறார்கள். குழாயை மாற்றி, வடிகட்டியைக் கழுவி, அடியைச் சுத்தஞ்செய்து, அதன் பின்னரே புதிய டர்போ பொருத்தப்பட்டது. இரண்டாம் காப்பும் போயிற்று. வண்டி அன்றிலிருந்து ஓடுகின்றது.

டர்போ பழுதாகி மாற்ற நேர்ந்தவர்கள் இந்த ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: பழுதானது எதனால் என்று அறியாமல் புதியதைப் பொருத்த விடாதீர்கள். எண்ணெய்க் குழாய் புதிதாக வேண்டும். காற்றுக் குழாய்களிலும், அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் பெட்டியிலும் உடைந்த சக்கரத்தின் துணுக்குகளோ தேங்கிய எண்ணெயோ இருந்தால் துடைத்தெடுக்கப்பட வேண்டும். பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய டர்போவை வாங்குவதா, உள்ளுறுப்பை மட்டும் மாற்றுவதா என்பது பணப்பையைப் பொறுத்தது. உள்ளுறுப்பை மாற்றினால், சுழலும் தண்டு கருவியில் ஏற்றிச் சமநிலை பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டு இலட்சம் சுழற்சியில் ஒரு நெல்மணி எடை வேறுபாடும் தாங்காது.

நம் ஊருக்கே உரியவை

பிற ஊரார் எழுதும் அறிவுரைகளில் நம் கடற்கரை இடம்பெறுவதில்லை. இங்கே அறுவடைக் காலத்தில் வீதியின் இருமருங்கும் நெல் காய்கின்றது. கச்சான் காற்று வீசினால் தூசியும் பதரும் எழுந்து வண்டிகளின் முகத்தில் அப்பிக்கொள்கின்றன. டர்போ வண்டி சாதாரண வண்டியைவிட அதிகக் காற்றை உறிஞ்சுவது. காற்று வடிகட்டி அடைபட்டால் அது மூச்சுத் திணறும். வடிகட்டி கிழிந்தாலோ, உள்ளே நுழையும் மணற்றுகள் அந்த வேகத்தில் சுழலும் சக்கரத்தின் இதழ்களை அரித்துவிடும். அழுக்கான வடிகட்டியைக் காற்றுக் குழாயால் ஓங்கி ஊதிச் சுத்தம் செய்வது நம்மவர் வழக்கம். அதனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுகின்றன. அறுவடை முடிந்ததும் புதியதை வாங்கிப் போடுவதே மேல். குளிர்விக்கும் பெட்டிகளின் இடுக்குகளில் சிக்கிய பதரையும் மென்மையாகக் கழுவிவிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம் கிணறுகள் பலவற்றில் உவர்ச் சுவை உண்டு. றேடியேற்றரில் தண்ணீர் குறைந்தால் வாளியைப் போட்டு இறைத்து ஊற்றிவிடுகிறோம். தேநீருக்கே ஆகாதென்று ஒதுக்கும் நீர் எஞ்சினுக்கு மட்டும் எப்படி ஆகும்? அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் டர்போவைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகளில் படிந்து, வெப்பம் வெளியேறாதபடி செய்கின்றன. உரிய குளிர்விப்புத் திரவம் ஒன்றையே ஊற்ற வேண்டும். கடற்கரை மணலில் வண்டியை இறக்கி மாலைப்பொழுதைக் கழிப்பவர்கள், வீடு திரும்பியதும் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுவது நன்று. டர்போவில் மிகையான புகையை விலக்கிவிடும் ஒரு சிறு கதவு உண்டு. அதனை அசைக்கும் இரும்புக்கோல் உப்பில் துருப்பிடித்து இறுகினால், வலுக் குறையும், அல்லது தேவைக்கு மேல் ஊதி எஞ்சினையே வருத்தும்.

எண்ணெயின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் திடீரென ஆக்சிலேற்றரை அழுத்தும்போது, பொறி விழுமுன்னரே எரிபொருள் தானாக வெடித்து, சம்மட்டியால் அடித்தாற்போல் பிஸ்டனைத் தாக்கும் குறைபாடு கண்டறியப்பட்டது. எண்ணெயில் சேர்க்கப்படும் சில பொருள்களும் அதற்குக் காரணம் என்று தெரிந்ததால், அதனைக் கருத்திற்கொண்டு 2020 மேயில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்னும் தரம் நடைமுறைக்கு வந்தது. பெற்றோல் டர்போ வைத்திருப்பவர் போத்தலின் பின்புறத்தில் அந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது. சில எஞ்சின்களில், மேலே சொன்ன ஒரு லீற்றர் ஹொண்டா உட்பட, நேரத்தை ஒழுங்குபடுத்தும் பட்டியே எண்ணெயில் தோய்ந்தபடி ஓடுகின்றது. அங்கே பொருந்தாத எண்ணெய் பட்டியைச் சிதைக்கும். சிதைந்த துகள்கள் வடிகட்டியை அடைக்கும். பின்னர் ஆசிரியரின் கதைதான். பெற்றோலைப் பொறுத்தவரை, யப்பானில் ஓடிய சிறு டர்போக்களுக்கு 92 ஒக்டேன் போதும். ஐரோப்பிய வண்டிகள் 95 கேட்கும். தொட்டி மூடியின் உட்புறத்தில் எழுதியிருக்கும். அதன்படி நடந்தால் வாக்குவாதமே வேண்டாம்.

இத்தனையும் படித்தபின், டர்போ வண்டியே வேண்டாம் என்று ஒரு வாசகர் முடிவுகட்டக்கூடும். அவரை நான் தடுக்கமாட்டேன். ஊருக்குள் மட்டுமே ஓடுபவர், எண்ணெய்க் கணக்கை நினைவில் வைக்க முடியாதவர், டர்போ இல்லாத ஒரு சாதாரண எஞ்சினோடு நிம்மதியாக இருக்கலாம். அது மறதியைப் பொறுக்கும். டர்போ பொறுக்காது. ஆனால் கவனித்தால், எஞ்சினின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவுக்கு டர்போவும் வாழும். மாமாவின் லொறி இதற்குச் சான்று.

வாங்கத் துணிந்தவர் செய்ய வேண்டியவை சில. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் உயிர்பெறும்போது வரும் புகையின் நிறந்தான் உண்மை பேசும். சில நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பின்னர் சற்றே மிதித்துப் பாருங்கள். நீலம் தெரிந்தால் விலகுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தில் கரிக்களி படிந்திருக்கிறதா என்று நோக்குங்கள். பாஸ் ஒருவரைக் கூட்டிச்சென்று, டர்போவுக்குச் செல்லும் காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறு அசைவு இயல்பு. முன்னும் பின்னும் அசைவு உணரப்பட்டாலோ, இதழ் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, அது நோயாளி. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். பளபளக்கும் நிறப்பூச்சைவிட அந்தக் கசங்கிய தாள்களுக்கே விலை கூடக் கொடுக்கலாம்.

சென்ற வாரம் ஆசிரியரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். குசினிச் சுவரில் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்கியது. காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், மின்சாரக் கட்டணம் கட்டிய நாள், சின்ன மகளின் தடுப்பூசி நாள் ஆகியவற்றினிடையே, சிவப்பு மையில், ஒரு திகதியும் ஒரு கிலோமீற்றர் எண்ணும் எழுதப்பட்டிருந்தன. எழுத்து ஆசிரியருடையதன்று, காப்புகளை இழந்த அம்மையாருடையது. அடுத்த திகதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அன்று வண்டிக்கு வேறு வேலை வைக்கக்கூடாதென்று கணவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகச் சொன்னார்.